'பாபா' முத்திரை காட்டினா இத்தாலியில் வம்பு! - எந்தக் கை சைகைக்கு என்ன அர்த்தம்?

டூ வீலர்ல போறப்ப ஒருத்தர் குறுக்கே வர்றார். ஹாரன் அடிக்கிறீங்க. அவர் திரும்பி, ஒரு வார்த்தைகூட பேசாம ஒரே ஒரு விரலைக் காட்டிட்டுப் போயிடறார். அன்னிக்கு முழுக்க மூட் அவுட்! வாயால் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அது தெரிந்தே செய்தது. ஆனால், நாம் ஜாலியாகக் காட்டும் சில சைகைகளும் வேறு ஊரில் கெட்ட வார்த்தைதான். படிப்பு, வேலை, டூர் என்று கிளம்புபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நடுவிரல்

இது புது ஃபேஷன் இல்லை. பழைய ரோமானியர்களே நடுவிரலை 'வெட்கங்கெட்ட விரல்' என்றுதான் சொன்னார்கள். 2012 சிட்னி டெஸ்ட்டில் ரசிகர்களைப் பார்த்து இதைக் காட்டிய விராட் கோலிக்கு, மேட்ச் சம்பளத்தில் பாதி அபராதமாகப் போனது. துபாய் போன்ற இடங்களில் இன்னும் சீரியஸ். ரோட்டில் காட்டினாலும், வாட்ஸ்அப்பில் அந்த எமோஜியை அனுப்பினாலும் வழக்கு வரலாம். வேலையை விட்டு ஊர் திரும்ப வேண்டிய நிலைகூட ஏற்படலாம்.

'V' செல்ஃபி

உள்ளங்கை வெளியே தெரிந்தால் வெற்றி, சமாதானம். புறங்கை தெரிந்தால்? பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவில் அது ஆபாசமான திட்டு. 1992-ல் ஆஸ்திரேலியா போன அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் (சீனியர்), காரில் இருந்தபடி கையைத் திருப்பிக் காட்டி மாட்டிக்கொண்டார்.

தம்ஸ் அப்

நமக்கு 'சூப்பர்'. ஈரான், ஈராக், ஆப்கானிஸ்தானில் பழைய தலைமுறைக்கு இது கிட்டத்தட்ட நடுவிரல் மாதிரி. மொபைலில் வளர்ந்த இளைஞர்கள் பலர் 'லைக்' என்றே எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்களிடம் கவனம்!

பாபா முத்திரை

2002-ல் ரஜினி காட்டியதும் தமிழ்நாடே காட்டியது. ஆனால் ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டியபடி இருப்பதால், இத்தாலியில் இது 'கொம்பு'. ஓர் ஆணைப் பார்த்துக் காட்டினால், 'உன் மனைவி உன்னை ஏமாத்துறா' என்று அர்த்தம். போர்ச்சுகலிலும் கொம்புக்கு இதே கதைதான். 2009-ல் அந்நாட்டு அமைச்சர் மனுவெல் பின்யு, நாடாளுமன்றத்தில் இரண்டு விரல்களைத் தலையில் கொம்பு போல வைத்துக் காட்டினார். அன்றே பதவி காலி!

விரித்த ஐந்து விரல்கள்

'அஞ்சு கொடுங்க' என்று கிரீஸில் கையை விரித்துக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அதன் பெயர் 'மூட்ஸா'. அந்தக் காலத்தில் குற்றவாளியின் முகத்தில் கரி பூசி அவமானப்படுத்தியதில் இருந்து வந்தது என்கிறார்கள். நம்ம ஊர் கரும்புள்ளி செம்புள்ளி ஞாபகம் வருதா?

நம்ம ஊர்ல மட்டும் என்னவாம்?

கடையில் இடது கையால் காசு நீட்டினால், "பீச்சாங்கையில குடுக்காதப்பா" என்பார்கள். பெரியவர்களை ஒற்றை விரலால் 'வா' என்று கூப்பிட்டால் மரியாதை இல்லை. விரலை நீட்டிப் பேசினால் பேச்சு சண்டையாக மாறிவிடும்.

இதெல்லாம் பழக்கவழக்கம். ஆனால் ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கில் சைகை காட்டுவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 79-வது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. "கைதானே காட்டினேன், தொடவே இல்லையே" என்ற சமாளிப்பு இங்கே செல்லாது.

தெரியாம காட்டிட்டா?

எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறதா? உடனே கையை இறக்குங்கள். விளக்கம் அப்புறம், 'ஸாரி' முதலில். உங்களைப் பார்த்து யாராவது காட்டினால் பதிலுக்குக் காட்டாமல் நகர்ந்துவிடுங்கள். சாலைச் சண்டைகள் பல இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

புது ஊரில் சந்தேகமாக இருந்தால் கையை பாக்கெட்டில் வைத்துவிட்டு, வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். அவ்ளோதான்!