ராமானுஜனுக்கு வேலை கொடுத்தவர்கள்

கணிதமேதை ராமானுஜன் என்றதும் கும்பகோணம், கேம்பிரிட்ஜ் இரண்டும் ஞாபகத்துக்கு வரும். நம்ம தென்னாற்காடு யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் அவர் வேலை தேடி அலைந்த கதையில் முக்கியமான திருப்பம் இங்கேதான் நடந்தது, திருக்கோவிலூரில். அப்போது ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், திருக்கோவிலூர் எல்லாம் ஒரே மாவட்டம்.

இறுதியாண்டு வந்துவிட்டால் நமக்குள் ஒரே பேச்சுதான்: எந்த கம்பெனி வருகிறது, எத்தனை சதவீதம் கேட்கிறார்கள், அரியர் இருந்தால் உட்கார விடுவார்களா? அதனால்தான் ராமானுஜன் கதையை ஒரு வேலைவாய்ப்புக் கதையாகப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இன்றைய கணக்கில் பார்த்தால் ராமானுஜன் முதல் சுற்றிலேயே அவுட்! கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கையில் பட்டம் இல்லை. இருந்ததெல்லாம் தேற்றங்கள் நிரம்பிய நோட்டுப் புத்தகங்கள்.

1910-ல் அந்த நோட்டுகளோடு திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது வருவாய்த் துறையில் ஒரு சின்ன குமாஸ்தா வேலை. ஐயர் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். இந்தத் திறமையைக் கடைநிலை வேலையில் போட்டு மூடக்கூடாது என்று நினைத்து, வேலை தராமல் சிபாரிசுக் கடிதங்கள் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

அதன்பின் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு விஷயம் நகர்ந்தது. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதக்காரர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். தங்கள் குமாஸ்தா சாதாரண ஆள் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது. அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

இவர்கள் எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மதிப்பெண்ணைக் கேட்காமல் செய்த வேலையைப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலர் அந்தத் துறை தெரிந்தவர்கள். முழுதாக எடைபோட முடியாதபோது, முடிந்தவரிடம் அனுப்பி வைத்தார்கள்.

"அப்படியானால் மதிப்பெண், தேர்வு எல்லாம் வேண்டாமா?" என்று கேட்டால், அவசரப்படாதீர்கள். தேர்வு வந்ததற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர் பதவிக்கு வர, லண்டனில் இருந்த இயக்குநர்களில் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். மாமன், மச்சான் பிள்ளைகளுக்குத்தான் யோகம். 1853 சாசனச் சட்டம் இதை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1855 முதல் போட்டித் தேர்வு. அதனால்தான் 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் என்ற இந்தியர் உள்ளே நுழைய முடிந்தது. ஆனால் தேர்வு லண்டனில்தான் நடந்தது. இந்தியாவிலும் எழுதலாம் என்ற நிலை வர 1922 ஆகிவிட்டது. கப்பல் கட்டணம் கட்ட முடியாதவனின் திறமையை யார் அளந்தார்கள்?

ராமானுஜன் கதையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அவர் படியேறிய வீடுகளில் பெரும்பாலானவை அவர் சமூகத்தைச் சேர்ந்த படித்த அதிகாரிகளின் வீடுகள். அதே ஊரில், அதே வயதில், வேறு சாதியில் பிறந்த ஒரு பையன் நோட்டோடு போயிருந்தால் டெபுடி கலெக்டரின் திண்ணை வரை போயிருப்பானா? அவனுக்குப் பொதுத்தேர்வும் பகிரங்க அறிவிப்பும்தான் வழி. 1929-ல் மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் தேர்வாணையம் அமைந்ததன் அருமை இங்கேதான் புரிகிறது.

ஆக, கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். உள்ளே வந்தபின் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். தேர்வு முதலாவதைச் செய்தது, இரண்டாவதில் கோட்டை விட்டது. ராமசுவாமி ஐயர் இரண்டாவதைச் செய்தார், ஆனால் அவர் கதவு சிலருக்குத்தான் தெரியும்.

இரண்டையும் சேர்க்க முடியுமா? நம் காலத்தில் ஜோஹோ நிறுவனம் ஒரு வழி காட்டியது. 2000-களின் நடுவிலிருந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துத் தானே பயிற்சி தந்து வேலையில் சேர்த்துக்கொண்டது. தென்காசிப் பக்கம் கிராமத்திலேயே அலுவலகம் திறந்தது. ஊரைத் தேடிக் கம்பெனி வருவது கம்பெனிக்கும் லாபம்தான் என்று இது சொல்கிறது.

விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் பீங்கான் பட்டறைகள். களிமண்ணைத் தொட்டே பதம் சொல்பவர்கள், சூளையின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அந்தத் திறமையை எந்த மார்க் ஷீட்டில் எழுதுவது? டைல்ஸ் கம்பெனிக்காரர் ஒரு பொருளைச் செய்துகாட்டச் சொல்லி, சூளை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும், அரை நாளில் தெரிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு நண்பர்களே. ராமானுஜனிடம் பட்டம் இல்லாவிட்டாலும், எடுத்துக் காட்ட ஒரு நோட்டு இருந்தது. அரியர் வைத்திருப்பவர்களும் முதல் வகுப்புக்காரர்களும் சேர்ந்தே யோசிப்போம்: யாராவது கேட்டால் காட்டுவதற்கு நம் கையில் என்ன நோட்டு இருக்கிறது?