பண்டசாலையில் மூப்படையும் இறப்பர்

பாவியாத பொருள் பழுதுபடாது என்பது பொதுவான எண்ணம். உடுத்தாத துணி கிழிவதில்லை. வெட்டாத கத்தி மழுங்குவதில்லை. ஆனால் மோட்டார் வண்டியின் ரயருக்கும், கண்ணாடி துடைக்கும் இறப்பர்ப் பட்டிக்கும் இந்த விதி பொருந்தாது. ஒரு மைல் தூரமேனும் ஓடாத ரயரும் கிடந்த இடத்திலேயே மூப்படைகின்றது. இதன் காரணத்தை மனிதன் அறிந்துகொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

1823ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் சார்ள்ஸ் மக்கின்ரொஷ் இறப்பரைக் கரைத்து இரு துணிகளுக்கிடையே பூசி, நீர் புகாத ஆடைக்கு உரிமம் பெற்றார். அமெரிக்காவில் 1833இல் றொக்ஸ்பரி இறப்பர்க் கம்பனி தொடங்கியது. குளிர்காலத்தில் செய்த சப்பாத்துகளும் அங்கிகளும் நன்றாகவே விலைப்பட்டன. கோடை வந்ததும் அவை இளகி, ஒட்டி, துர்நாற்றம் வீசின. வாங்கியோர் அவற்றைத் திருப்பி அனுப்பினர், கம்பனி பெருநட்டமடைந்தது.

1834இல் அக்கம்பனியின் நியூயோர்க் விற்பனை நிலையத்துக்குச் சென்ற சார்ள்ஸ் குட்இயர் இச்செய்தியை அறிந்தார். அன்று முதல் இறப்பரைத் திருத்துவதே அவர் வாழ்வாயிற்று. கடனுக்காகச் சிறை சென்றபோதும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. ஒரு வழி கண்டதாக நம்பி, அரசாங்கத்தின் தேவைக்கென அஞ்சற்பைகள் செய்து சேமித்து வைத்தார். வெப்பத்தில் அவையும் இளகிக் கெட்டன. பண்டசாலையே அவருக்குக் கடுமையான சோதனைக்கூடமாயிற்று.

1839இல் கந்தகம் கலந்த இறப்பர் சூடான அடுப்பிற் பட்டபோது உருகாது கருகியதை அவர் கண்டார். கந்தகமும் வெப்பமும் சேர்ந்து இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. 1844இல் அமெரிக்காவில் அவருக்கு உரிமம் கிடைத்தது. இங்கிலாந்தில் தோமஸ் ஹன்கொக் அதற்கு முன்னரே உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டார். குட்இயர் 1860இல் பெருங்கடனோடு இறந்தார்.

கோடையின் வெம்மையை இறப்பர் வென்றுவிட்டது. காலத்தை அது வெல்லவில்லை. அலமாரியில் வைத்த பொருள்கள் சில ஆண்டுகளில் வெடித்தன, அல்லது பிசுபிசுத்தன. 1860களில் இரசாயன அறிஞர்கள் காரணத்தைக் கண்டனர்: காற்றிலுள்ள ஒட்சிசன் மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் தாக்குகின்றது. பண்டத்தைப் பூட்டி வைக்கலாம். காற்றைப் பூட்டி வெளியே நிறுத்த முடியாது.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் நாற்றுகளில் ஏறக்குறைய 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி பெருகியபோது, இலங்கையினதும் மலாயாவினதும் இறப்பர் உலகின் வீதிகளெங்கும் உருண்டது. ஒட்சிசனைத் தடுக்கும் இரசாயனப் பொருள்களை ரயரிற் கலக்கும் வழக்கமும் 1920களிற் பரவியது.

எனினும் மற்றொரு பகைவன் எஞ்சியிருந்தான். அதுவே ஓசோன். காற்றில் மிகச் சிறிதளவே இருப்பினும், இழுபட்ட நிலையிலுள்ள இறப்பரின் மேற்பரப்பை அது கத்திபோற் கீறும். பாரஞ்சுமந்து அசையாது நிற்கும் வண்டியின் ரயர் அவ்வாறு இழுபட்ட நிலையிலேயே உள்ளது. நிறுத்தி வைத்த இராணுவ வண்டிகளின் ரயர்கள் வெடிப்பது பெருஞ்சிக்கலாயிற்று. 1950களின் முற்பகுதியில் அமெரிக்க இராணுவத்தின் றொக் ஐலண்ட் ஆயுதசாலை ஆய்வாளர்கள் ஓசோனைத் தடுக்கும் பொருள்களை ஆராய்ந்து வெளியிட்டனர். இப்பொருள் இறப்பரின் உள்ளிருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து, இறப்பருக்கு முன்பாகத் தானே ஓசோனுக்கு இரையாகின்றது. ஆகவே அது தீர்ந்துபோகும் காவல்; ரயரின் ஆயுளும் அதனோடு குறைகின்றது.

இக்காவலுக்கும் ஒரு விலை உண்டு. 6-பி.பி.டி. எனும் தடுப்புப் பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறுவதால் உண்டாகும் நச்சு, மழைநீரோடு ஓடைகளில் இறங்கிக் கோஹோ சல்மன் மீன்களைக் கொல்வதை அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநில ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். கேடில்லாத மாற்றுப்பொருளைத் தேடும் பணி அதன்பின் தொடங்கியது.

இன்று பல ரயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முதலிரண்டும் உற்பத்தி வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 1019 என்றால் 2019ஆம் ஆண்டின் பத்தாவது வாரம். புதியதென விற்கப்படும் ரயரும் கடையில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பதை அந்த எண் சொல்லிவிடும். வெயில் படாத, குளிர்ந்த, ஓசோனை எழுப்பும் மின்மோட்டார்களுக்குத் தொலைவான இடத்தில் வைத்தால் மூப்பின் வேகம் குறையும். ஆயினும் அது நின்றுவிடாது. தடிப்பு குறையாத ரயரென்று நம்பிப் பயணம் புறப்படுவோர், முதலில் அந்த நான்கு இலக்கங்களைப் படித்துப் பார்ப்பது நன்று.