பழனி மலை நிலப் பயன்பாடு

பழனி மலை நிலப் பயன்பாடு: திண்டுக்கல் மாவட்டப் பழனி மலைத்தொடரில் மண், நீர், காடு ஆகியவற்றுக்குக் கேடு குறையும்படி நிலத்தைப் பயன்படுத்தும் வேளாண் முறைகள்.

மேல்மலை: பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஊர்களின் படிக்கட்டு வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கொத்திப்போட்ட சரிவில் பெருமழை பெய்தால் மேல்மண் கரைந்து, ஓடை நீர் கலங்கலாக இறங்கும்; இட்ட உரமும் உடன் போகும். கல்வரப்பு, சரிவுக்குக் குறுக்கான பாத்தி, பயிர்ச் சுழற்சி ஆகியவை இதைத் தடுக்கும்.

கீழ்மலை: தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் நிழல்மரக் காப்பித் தோட்டங்கள் உள்ளன. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறும். அடியில் காப்பிச்செடி, இடையில் மலைவாழை. உதிரும் சருகு மழைத்துளியின் அடியைத் தாங்கி, மட்கி உரமாகும். பறவைகளுக்கும் இடம் கிடைக்கும்.

முக்கியத்துவம்: வடசரிவின் நீர் அமராவதி ஆற்றிலும் தென்சரிவின் நீர் வைகை ஆற்றிலும் சேர்கிறது. இம்மலைக் காடுகளைக் காக்க 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டையும் சோலையையும் தொடாமல், இருக்கும் வயலின் வளத்தைப் பெருக்குவதே மலைக்கும் சமவெளிக்கும் காப்பு.