தனிக்குடித்தனம் போன மென்பொருள்களும் ஒரே வாசல் பலகையும்

அப்பாச்சி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வெப் சர்வர்தான். ஆனால் அந்தப் பெயரில் இன்று 200-க்கும் மேற்பட்ட திறமூல மென்பொருள் திட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு, தனி இணையதளம். உழைப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். வேறு வேறு நாட்டில் இருப்பவர்கள், ஒருவரையொருவர் நேரில் பார்த்தே இராதவர்கள்.

இத்தனை தளங்களிலும் "உரிமம் எங்கே, பாதுகாப்பு அறிவிப்பு எங்கே, தாய் அமைப்பின் முகப்பு எங்கே" என்று காட்டும் சுட்டிகள் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் அதை யார் பார்த்துக்கொள்வது? கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் விடை கிடைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது!

சரி, முதலிலிருந்து வருவோம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்.சி.எஸ்.ஏ மையத்தில் ராப் மெக்கூல் என்பவர் ஒரு வெப் சர்வர் எழுதினார். 1994-இல் அவர் அங்கிருந்து விலகியதும் அந்த நிரலைக் கவனிக்க ஆள் இல்லை. பயன்படுத்தியவர்கள் அவரவர் செய்த திருத்தங்களை மின்னஞ்சலில் பரிமாறத் தொடங்கினார்கள். பிரையன் பெலன்டார்ஃப் முதலானவர்கள் அந்தத் திருத்தங்களைச் சேர்த்துக் கட்டியதுதான் அப்பாச்சி. 1995 ஏப்ரலில் முதல் பொது வெளியீடு, டிசம்பரில் 1.0. அப்போது இருந்தது ஒரே மென்பொருள், ஒரே தளம். மெனுவைப் பற்றி யாரும் சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை.

1999-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானது. இரண்டாவது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் ஜாவா சர்வ்லெட் நிரலை அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அதுதான் டாம்கேட். ஜாவா சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் வைக்க 'ஜகார்த்தா' என்ற பெரிய குடை விரிக்கப்பட்டது. ஆன்ட், ஸ்ட்ரட்ஸ், லூசீன், வெலாசிட்டி, லாக்ஃபோர்ஜே என்று ஒவ்வொன்றாக அதன் கீழ் வந்து சேர்ந்தன. கூட்டுக் குடும்பம் பெரிதாகிக்கொண்டே போனது.

இத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி மெனு வைக்க ஜகார்த்தாக்காரர்கள் முதலில் கண்ட வழி, எல்லோருக்கும் ஒரே அச்சு. பக்கத்தின் உள்ளடக்கத்தை எக்ஸ்.எம்.எல் கோப்பில் எழுத வேண்டும். இடப்பக்க மெனு தனிக் கோப்பில் இருக்கும். வெலாசிட்டியோடு வந்த அனாக்கியா என்ற கருவி இரண்டையும் சேர்த்து எச்.டி.எம்.எல் பக்கங்களாகத் தயாரித்துத் தரும்.

நல்ல யோசனைதான். சிக்கல் எங்கே என்றால், தயாரான பக்கத்துக்குள் மெனு சுட்ட செங்கல் மாதிரி இறுகிவிடும். மெனுவில் ஒரு வரி மாறினாலும் எல்லாப் பக்கங்களையும் மறுபடி தயாரிக்க வேண்டும். ஒரு குழு அதைச் செய்து இன்னொரு குழு விட்டுவிட்டால், இங்கே புது மெனு, அங்கே போன வருஷத்து மெனு!

அடுத்து வேறு கருவிகள் வந்தன. 2002-இல் தொடங்கிய ஃபாரஸ்ட் என்ற திட்டத்தில் தளத்தின் மெனு முழுவதையும் ஒரு கோப்பில் எழுதலாம். மேவன் 2-இலோ, தாய்த் திட்டத்தின் மெனுவைக் கிளைத் திட்டங்கள் அப்படியே சுவீகரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு குழு ஃபாரஸ்ட், இன்னொரு குழு மேவன், மூன்றாவது குழு அனாக்கியா என்று போனால் ஒரே தோற்றம் எப்படி வரும்? ஊதியம் வாங்காமல் உழைப்பவரிடம் "இந்தக் கருவியைத்தான் தொட வேண்டும்" என்று உத்தரவு போடவும் முடியாது.

இதற்குள் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. எந்த மென்பொருளுக்கு யார் பொறுப்பு? ஜகார்த்தாவின் கீழ் இருந்த ஏகப்பட்ட நிரல்களுக்கும் ஒரே மேலாண்மைக் குழு. அத்தனையையும் அந்தக் குழு உண்மையிலேயே கவனிக்கிறதா என்பது சந்தேகம். அதனால் திட்டங்கள் தனிக்குடித்தனம் போகத் தொடங்கின. 2002-இல் ஆன்ட், 2003-இல் மேவன், 2004-இல் ஸ்ட்ரட்ஸ், 2005-இல் லூசீனும் டாம்கேட்டும் என்று ஒவ்வொன்றும் தனிக் குழுவோடும் தனி முகவரியோடும் கிளம்பின. ஜகார்த்தா தளத்தின் மெனுவில் 'முன்னாள் ஜகார்த்தா' என்று ஒரு பகுதியே இருந்தது. வீட்டை விட்டுப் போன பிள்ளைகளின் முகவரிப் பட்டியல்! கடைசியில் 2011 டிசம்பரில் ஜகார்த்தாவே மூடப்பட்டது.

எல்லோரும் தனியே போன பிறகு ஒற்றுமை என்ன ஆனது? இங்கேதான் அறக்கட்டளை வழியை மாற்றியது. தோற்றம், நிறம், கருவி எல்லாம் அவரவர் இஷ்டம். கட்டாயம் என்பது ஒரு சிறு பட்டியல் மட்டும்: அறக்கட்டளையின் முகப்பு, உரிமம், பாதுகாப்பு, நன்கொடை, நன்றி, இன்னும் ஓரிரண்டு சுட்டிகள். மென்பொருளின் பெயரையும் 'அப்பாச்சி' சேர்த்தே எழுத வேண்டும். இவை இருக்கின்றனவா என்று விம்சி என்ற நிரல் தளம் தளமாகப் போய்ப் பார்த்துப் பட்டியலிடுகிறது. எந்தத் தளத்தில் எது விடுபட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. வணிகச்சின்னத்தின் வேலையே சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்வதுதான். ஆளாளுக்கு ஒரு விதமாகப் பயன்படுத்தினால் அந்தச் சின்னம் வலுவிழக்கும். அதே சமயம் கிளைக் கடையின் சுவருக்கு என்ன வர்ணம் என்பதைத் தலைமை அலுவலகம் முடிவு செய்ய வேண்டியதில்லை.

இதெல்லாம் வெறும் அலங்காரமா? 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜேயில் ஒரு பயங்கர ஓட்டை வெளியானது. அபாய அளவு பத்துக்குப் பத்து. ஒரு காலத்தில் ஜகார்த்தா வீட்டுப் பிள்ளையாக இருந்த அதே மென்பொருள். திருத்தம் 2.15.0 வந்தது. அது போதாமல் சில நாட்களுக்குள் 2.16.0, 2.17.0 என்று அடுத்தடுத்து வந்தன. உலகம் முழுக்க சர்வர்களைப் பராமரிப்பவர்கள் ராத்தூக்கம் இல்லாமல் தேடியது ஒன்றைத்தான்: எந்தப் பதிப்பைப் போட்டால் தப்பிக்கலாம்? அதற்கான பதில் அந்தத் தளத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் இருந்தது. எழுதியவர்களே சொல்லும் பதில் என்பதால் அதை நம்பவும் முடிந்தது.

அடுத்த முறை ஏதாவது ஓர் அப்பாச்சி தளத்துக்குப் போனால் மெனுவையும் பக்கத்தின் அடியையும் ஒரு முறை பாருங்கள். யாரும் சொடுக்காத சுட்டிகள் போலத் தோன்றும் அந்த நாலைந்து வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு கூட்டுக் குடும்பம் பிரிந்த கதை இருக்கிறது.