தட்டணு குறைந்தாலும் ரத்தம் உறையும்

பிளேட்லெட் என்ற சொல் நம் வீடுகளில் புழங்க ஆரம்பித்தது டெங்குக் காய்ச்சல் வந்த பிறகுதான். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும், குறைந்தால் ரத்தம் கசியும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். டெங்கு இல்லாமலும் அது குறைவதுண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தட்டணுக்களை எதிரி என்று எண்ணி அழிக்கும் நோய் ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் ஐ.டி.பி. என்பார்கள்.

இதன் கதை பழையது. ஜெர்மனியின் ஹனோவர் நகரத்து மருத்துவர் வெர்ல்ஹோஃப், 1735-இல் ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். அவளுக்குத் தோலெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம். தட்டணு என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

1878-இல் பாரிஸில் ஜார்ஜ் எயெம் என்ற மருத்துவர் ரத்தத்தில் இருந்த இந்தத் துணுக்குகளை விவரித்து, 'எமத்தோபிளாஸ்த்' என்று பெயர் வைத்தார். ரத்தத்தின் முளை என்று பொருள். இவைதான் வளர்ந்து சிவப்பணுவாகின்றன என்று அவர் நினைத்தார். அது சரியில்லை. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்குத் தெரிந்த சொல் 'பிளாக்கெத்', அதாவது சிறு தகடு. தமிழில் தட்டணு என்பதும் அதே பொருள்தான்.

1882-இல் இத்தாலியின் தூரின் நகரில் பிட்சொசெரோ இதன் வேலையைக் கண்டுபிடித்தார். ரத்தக்குழாயில் காயம் பட்டால் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்வது இவைதான். காயத்தை அடைப்பதும் இவையே, குழாய்க்குள் கட்டி உண்டாக்குவதும் இவையே. தோலில் புள்ளி விழும் நோயில் இவை குறைவாக இருப்பதையும் அதே பத்தாண்டில் மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள்.

அதிலிருந்து ஒரு கணக்கு பிறந்தது: தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும், ஆகவே கட்டி வராது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பமும் இந்தக் கணக்கைத்தான் போட்டது. வீட்டுப் பெரியவருக்குப் பல வருடமாக ஐ.டி.பி. ஒருநாள் காலை வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. மூளையில் ரத்தம் கசிந்திருக்கும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். ஸ்கேனில் தெரிந்ததோ அடைப்பு. ரத்தமே உறையாத உடம்பில் கட்டி எப்படி வந்தது என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் நியாயமான கேள்வி என்று பட்டது.

பதில் சிறுகச் சிறுகத்தான் கிடைத்திருக்கிறது. 1916-இல் பிராக் நகரில் கஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர், தட்டணுக்கள் மண்ணீரலில்தான் அழிகின்றன என்று எண்ணி, ஒரு நோயாளிக்கு அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்ததும் எண்ணிக்கை ஏறியது. 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர், நோயாளியின் ரத்தத்தில் அரை லிட்டரைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அதலபாதாளத்துக்குப் போய், வலிப்பும் வந்தது. ஐந்தாம் நாள்தான் பழைய நிலைக்குத் திரும்பின. தட்டணுவை அழிக்கும் பொருள் நோயாளியின் ரத்தத்திலேயே இருக்கிறது என்பது அப்படி நிரூபணமாயிற்று.

அதாவது, எலும்பு மஜ்ஜை உற்பத்தியை நிறுத்துவதில்லை. வருவதெல்லாம் சீக்கிரம் அழிகின்றன. அதனால் ரத்தத்தில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இளசானவை, பெரியவை, ஒட்டும் வேகம் கூடியவை. ஆபீஸில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஆள் குறைவு. ஆனால் இருப்பவர்கள் எல்லாரும் புதிதாகச் சேர்ந்த துடிப்பான பிள்ளைகள். அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அழிந்த தட்டணுக்களின் துணுக்குகளும் ரத்தம் உறையத் துணைபோகின்றன. சிலருக்கு ரத்தத்தை உறையவைக்கும் வேறு எதிர்ப்பொருள்களும் சேர்ந்தே இருக்கும். மண்ணீரலை எடுத்தாலும், 2008 முதல் வந்த தட்டணு பெருக்கும் மருந்துகளைச் சாப்பிட்டாலும் கட்டிக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. ஸ்டீராய்டு மாத்திரை பிரஷரையும் சர்க்கரையையும் ஏற்றும். 2010-ஐ ஒட்டி பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, இந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தக்கட்டி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வருவது தெரிந்தது.

இதை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? கசிவும் அடைப்பும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். ஸ்கேன் எடுக்காமல் எது என்று சொல்ல முடியாது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் வழக்கமாக அதைப் போடுவதில்லை. சிலருக்கு ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை எடுக்கும் வழி உண்டு. அதற்கும் நேரம் முக்கியம்.

ஆகவே தட்டணு குறைவான ஒருவர் வீட்டில் இருந்தால், வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் திடீரென்று விழுந்தாலோ, வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆஸ்பிரின் கொடுத்துப் பார்ப்போம் என்றும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.