இருபது சதுர மீட்டர்

காலனி வீடு எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே ஒரு தளம். எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இதே வீடுதான். இதை வரைந்த எஞ்சினியர் யார்? ஒதுக்கிய தொகைதான்.

இந்திரா ஆவாஸ் யோஜனா 1985இல் தலித்துகள், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கென்று வந்தது. 1993-94இல் பிற ஏழைகளுக்கும் விரித்தார்கள். 1996இல் தனித் திட்டமானது. அதன் விதிகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒரே வரைபடத்தைத் திணிக்கக்கூடாது, காண்ட்ராக்டர் நுழையக்கூடாது, பரப்பு 20 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது சுமார் 215 சதுர அடி. நல்ல விதிதானே! ஆனால் 2010இல் சமவெளிக்குக் கொடுத்தது 45,000 ரூபாய். சதுர அடிக்கு 210 ரூபாய்கூடத் தேறாது. 'குறையக்கூடாது' என்று எழுதியது 'கூட முடியாது' என்றாகிவிட்டது.

கான்கிரீட் தளம் போடத் தமிழக அரசு தனியாகப் பணம் சேர்த்துத் தந்தது. 1968இல் வெண்மணியில் குடிசைக்குள் 44 பேரை எரித்த மண் இது. தளம் வேண்டாம் என்று எவன் சொல்வான்? சிக்கல் கீழே இருந்தது. டெல்டாக் களிமண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போகவேண்டும். திட்டத்துக்குத் தெரிந்ததோ சமவெளி, மலை என்ற இரண்டு நிலம்தான். களிமண்ணுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே தொகை. அதிலும் சேரிக்கு விட்டது பள்ளக்கால். சுவர் விரிந்தது, ஈரம் ஏறியது, கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்ந்து விழுந்தது. "குடுத்த வீட்டப் பாத்துக்கத் தெரியல" என்று பேச்சு வேறு. 2000-01க்கு முன் கட்டிய ஊரக வீடுகளைச் சீரமைக்க அரசே 2024இல் ஒரு திட்டம் போடவேண்டியிருந்தது.

காசு பற்றாதபோது முதலில் எதை வெட்டினார்கள் என்று பாருங்கள். திண்ணையை வெட்டினார்கள். ஆடுமாட்டுக்கு இடமில்லை, நெல்மூட்டைக்கு இடமில்லை. கூலிக்காரனுக்கு மாடு எதுக்கு, நெல் ஏது என்ற கணக்கு அந்த எஸ்டிமேட்டுக்குள் இருக்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் கிழவனும் கிழவியும் வாசலில். செத்தால் கிடத்துவதும் வாசலில்தான்.

2016இல் வந்த பிரதம மந்திரி திட்டம் பரப்பை 25 சதுர மீட்டராக்கியது. அந்தக் கூடுதல் ஐந்துக்கு முன்பே நம் சனங்கள் வழி கண்டிருந்தார்கள். தளம் போட்ட வீட்டுக்கு முன்னால் கீற்றுச் சாய்ப்பு இறக்கினார்கள். அடுப்பு அதுக்குள்ளதான் எரியுது.