பாலத்திலிருந்து இறக்கப்பட்ட உடல்: பாலாற்றங்கரையில் பாதையின் வரலாறு

2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தலித் மக்கள் இறந்தவர் ஒருவரின் உடலைச் சுமார் 20 அடி உயரப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழியை வேலி அடைத்திருந்தது. காணொளி பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது.

இதை வெறும் வேலித் தகராறாக நாம் பார்க்க முடியாது. பொதுத் தெருவில் நடக்கும் உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அது ஏற்கெனவே இருந்த தெருக்களைப் பற்றியது. சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழிகளோ பெரும்பாலும் வரப்பும் வண்டித்தடமுமாக, நிலக்காரர் தயவில் கிடந்தன.

பிறகு ஊர்கள் வளர்ந்தன. ரயிலும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் பாலாற்றுத் தண்ணீரும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையைத் தோல் நகரங்களாக்கின. பச்சைத் தோலோடு போராடும் வேலை நம் மக்களுக்கு வந்தது. கழிவு வயலுக்குப் போனது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் பதிவு செய்தது. விளையாத நிலத்தை மனையாக்குவது எளிது. மனையானதும் வேலி வரும். வரைபடத்தில் இல்லாத பாதை முதலில் மறையும். கட்டடத்தை இடித்துக் கட்டலாம். முட்டுச்சந்தாகப் பிரித்து விற்ற மனைகளுக்கு நடுவே பிறகு வழி எடுப்பது மிகக் கடினம்.

1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி, தனியார் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தால் வழியுரிமை உண்டு. அனுமதி கேட்டு நடந்திருந்தால் அது கிடைக்காது. நம் தாத்தா பாட்டிகளைத் துண்டை இடுப்பில் கட்டிக் கேட்டு நடக்க வைத்தது சாதி. அந்தப் பணிவே இன்று நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராக நிற்கக்கூடும். வழி அடைபட்டால் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடவும் வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊரின் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். காலனியிலிருந்து சுடுகாடு, குளம், பள்ளிக்குப் போகும் வழி அதில் இருக்கிறதா? இல்லையென்றால், நடந்த பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் சாட்சியத்தை எழுதி வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். வேலிக்கல் நடும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.